கிழக்கு வாசலுக்கு வராத வெயில்

ரூஜ், ஸ்காபரோ, கனடா
தை மாதம், கடைசி ஞாயிறு

அன்பு மகள் பிரதீபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன் என்றுதான் எல்லோரும் கடிதம் தொடங்குவார்கள், எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை, நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டு எப்படி எழுதுவது, அதனால் நீ நலமாக வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அவருக்கு முழங்கால் நோ குளிரோடு கூடிவிட்டது, எனக்குப் பிறஷர் கூடினதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, பார்த்தால் கூடித்தான் இருக்கும். பொங்கலன்று நீ போனை வைத்த பிறகு நான் எடுத்த ஒரு அழைப்புக்கும் நீ வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பார்த்துவிட்டாய் என்று நீல அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. அப்பாவுக்கு மாத்திரம் ஐம் ஓகே என்று இரண்டு சொல் போடுகிறாய், அதை அவர் எனக்குக் காட்டிவிட்டு ஏதோ பெரிய செய்தி வந்ததுபோலப் போனைப் பொக்கற்றுக்குள் வைக்கிறார், அவருக்கு அது போதும். எனக்குப் போதாது. கடைசியில் அவர்தான் சொன்னார், எழுதிப் போடுமப்பா, கடிதமெண்டால் நீர் கத்திறது அவளுக்குக் கேக்காது, முடியுமட்டும் வாசிப்பாள் எண்டு. கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது, ஆனாலும் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ அனுப்பினது இன்றைக்காவது உதவட்டும்.

பொங்கலன்று நடந்ததை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய். பொங்கின பானையைக் கிழக்கு யன்னலடியில் வைத்துச் சூரியனுக்குப் படைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பு என்று முதல் நாளே சொன்னேன். நீயும் அனுப்பினாய். படத்தைப் பார்த்தால் பானை இருக்கிறது, கரும்பு இல்லாவிட்டாலும் வாழைப்பழம் இருக்கிறது, பின்னால் யன்னல் ஒரே கறுப்பு. உடனே எனக்கு ஏறிவிட்டது. முதல் நாள் வேலையால் வந்து இரவே பொங்கிவிட்டு என்னை ஏமாற்றுகிறாய் என்று நினைத்தேன், நினைத்ததை அப்படியே வாயால் சொல்லியும்விட்டேன். நீ சொன்னாய், அம்மா, இது காலமை, இங்க விடியிறதே எட்டரைக்குப் பிறகு, இதுதான் விடிஞ்ச வெளிச்சம் எண்டு. நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கிழக்கு யன்னலை வைத்துக்கொண்டு சூரியனைக் காணவில்லை என்கிறாய், யன்னல் சீலையைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வியோடு நீ போனை வைத்துவிட்டாய். திமிரில் வைத்தாய் என்று அன்று முழுக்க எல்லோரிடமும் திட்டித் திரிந்தேன். அப்பா அடுத்த நாள்தான் சொன்னார், இல்லையப்பா, அவள் அழுதவள், எனக்குக் கேட்டது எண்டு. எனக்குக் கேட்கவில்லை, நான் கத்திக்கொண்டிருந்தேன்.

உனக்கு அந்த வீடு கிடைத்த கதையையும் கொஞ்சம் யோசித்துப் பார். நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிற உந்த பிறின்ஸ் றூபேட் ஆஸ்பத்திரியில் நீ பாமசிஸ்ற் வேலை கிடைத்துப் போன புதிதில் மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு அப்பாட்மென்ற் இருக்கு, ஒன்று மேற்கே கடலைப் பார்த்தது, மற்றது கிழக்கே மலையைப் பார்த்தது, எனக்குக் கடல் பக்கம்தான் விருப்பம் என்றாய். நான் புனிதவதி அன்ரியைக் கேட்டேன். கலியாணம் பேசுகிற வீட்டில் எதையும் அவவிடம் கேட்காமல் செய்ய முடியாது, தன் தமக்கையின் மகன் ஜனார்த்தனுடைய சம்பந்தத்தைக் கொண்டுவந்தவவே அவதானே. அப்பாட்மென்ற்றுக்கு யன்னல் பாக்கிற பக்கம்தான் வாசல், தனிய இருக்கிற குமர்ப்பிள்ளைக்கு மேற்கு வாசல் கூடவே கூடாது, வாற சம்பந்தமும் தட்டிப்போகும், கிழக்கு வாசலை எடுக்கச் சொல்லுங்கோ எண்டு அடித்துச் சொன்னா. நானும் அதை அப்படியே உன்னிடம் அடித்துச் சொன்னேன். நீ முணுமுணுத்தாய், என்றாலும் எடுத்தாய். கிழக்கைப் பார்த்த வீட்டில் என் பிள்ளை இருக்கிறாள் என்று நான் இரண்டு மாதம் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

அந்த நிம்மதிக்கும் கார்த்திகையோடு முடிவு வந்தது. ஒரு சனிக்கிழமை புனிதவதி அன்ரி வீட்டுக்கு வந்திருந்த நேரம் நீ வீடியோ கோலில் வந்தாய், ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது நடு மத்தியானம், இங்கே பின்னேரம் மூன்று மணி. உன் தலைக்கு மேலே லைற் எரிகிறது, பின்னால் யன்னல் சாம்பல் நிறம், நீ பின்னாத தலையோடு கட்டிலில் இருக்கிறாய். அவ உனக்குக் கையைக் காட்டிச் சிரித்துவிட்டு, நீ போன பிறகு மெல்ல என்னைக் கேட்டா, பிள்ளை பேஸ்மென்ற்றிலயோ இருக்கிறாள் எண்டு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. இந்த ஊருக்கு வந்த எங்கட சனத்தில் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற்றில் இருக்காதவர் யார், நீ தவழ்ந்து பழகினதே பேஸ்மென்ற் கார்பெற்றில்தான், அதிலிருந்து ஏறி வர நானும் அப்பாவும் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். படித்து வேலைக்குப் போன பிள்ளை திரும்பவும் அதற்குள்ளேயா என்று அவ கேட்டதுபோல இருந்தது. மூன்றாம் மாடி என்று சொன்னேன், அவ நம்பின மாதிரித் தெரியவில்லை. நீ முதல் மாதம் அனுப்பின கட்டடத்தின் படத்தைத் தேடி எடுத்து, விரலால் பெரிதாக்கி, மூன்றாம் மாடியை எண்ணிக் காட்டினேன். அன்றைக்கும் கோபம் உன்மேல்தான் வந்தது. யன்னலடியில் நின்று கதைக்கக் கூடாதா, முகத்தைக் கழுவிப்போட்டு வரக் கூடாதா என்று உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ ஏன் முகம் கழுவாமல் இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் நீ அரை மணித்தியாலம் அந்த முகில் கதையைச் சொன்னாய். நான் நம்பவில்லை, இப்போது சொல்கிறேன். கடற்கரை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கண் கூசுகிற வெயில், மணல் கால் சுடும், உடுப்புக் காய்ந்து விறைத்துப்போகும். கடற்கரை ஊரில் மூன்று நாலு மாதம் சூரியன் வராது என்று ஒருத்தி சொன்னால் வேலைக்குப் போகப் பஞ்சிப்பட்டுக் கதை சொல்கிறாள் என்றுதான் நினைப்பேன். நீ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரித் திருப்பி எழுதுகிறேன், பிழையென்றால் திருத்து. உங்கத்தைய கடல் வின்ரரிலும் உறையாது, கோடையில் வாங்கின சூட்டை வைத்துக்கொண்டு ஆவி விட்டபடியே இருக்கும். அலாஸ்காப் பக்கத்தில் வின்ரர் முழுக்க ஒரு தாழமுக்கம் குந்திக்கொண்டு அந்த ஈரக் காற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு அனுப்பும். கரையில் கால் வைத்த உடனே மலை, காற்றுக்கு விலகிப் போக வழியில்லை, மேலேதான் ஏற வேண்டும், ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகும், முகில் மழையாகும், அது கொட்டி முடியும் முன்னம் அடுத்தது வந்துவிடும். முகிலைக் கலைக்க வேண்டிய சூரியனோ எட்டு மணித்தியாலம்கூட நிற்காது, நிற்கிற நேரமும் மலைக்குக் கீழே பதுங்கிக்கொண்டு போகும், அதற்கு முகிலைக் கலைக்கிற பெலன் இல்லை. மலைக்கு அங்கால் போனால் குளிர் கூட, ஆனால் வானம் வெளிக்கும் என்றாய். அப்படியென்றால் மலைக்கு அங்கால் போய் இரு என்றேன் நான். அம்மா, ஆஸ்பத்திரி இஞ்சால இருக்கு எண்டாய்.

இன்னொன்றும் சொன்னாய், அதற்கும் நான் சண்டை பிடித்தேன். நவம்பர் வந்தால் இங்கே ஸ்காபரோவில் வெயிலைக் காணவில்லை என்று நான் வருசா வருசம் அரற்றுகிறேனே, அதற்கும் காரணம் இதுதான், உங்களுக்கு ஏரி, எனக்குக் கடல், குளிர் காற்று சூடான தண்ணிக்கு மேலால வந்தால் முகில்தான் வரும் எண்டாய். பிறகு குளிர் இறுகி ஏரிகளில் பனிக்கட்டி பிடித்தால் எங்களுக்கு நீல வானம் வந்துவிடுகிறது, மூக்கு உறைந்தாலும் கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்கிறது, உனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, உன் கடல் உறையப்போவதில்லை. எனக்கு யாரைப் பேசுவது என்று தெரியவில்லை. தாழமுக்கத்தைப் பேச முடியுமா, மலையைத்தான் பேச முடியுமா. அதனால் கையில் அகப்பட்ட உன்னைப் பேசினேன்.

சும்மா பேசிக்கொண்டு மட்டும் நான் இருக்கவில்லை என்றும் உனக்குத் தெரியும். விற்றமின் டி வாங்கி அனுப்பினேன், பாமசிஸ்ற்றுக்கு மருந்து வாங்கி அனுப்பின தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்பா அந்த வெள்ளை வெளிச்ச விளக்கை வாங்கி அனுப்பினார், வெயிலுக்குப் பதிலாகக் காலையில் அரை மணித்தியாலம் அதன் முன்னால் இருக்க வேண்டுமாம். அதையும் கிழக்குப் பக்கமாக வை என்று நான் சொன்னபோது நீ சிரிப்பாய் என்று நினைத்தேன், நீ ஓமம்மா என்றாய். நீ எதற்கும் ஓமம்மா என்று சொல்லுகிற பிள்ளை இல்லை. அது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். அப்பா பிறம்ரனில் சாமான் அடுக்குகிற வெயாஹவுஸுக்கு இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர், உள்ளே ஒரு யன்னலும் இல்லை, அவரிடம் போய் இவளுக்கு என்ன வந்தது, நீங்கள் இவ்வளவு வருசம் சமாளிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெயில் இருக்கும், அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை எண்டார். அவர் கதைப்பது குறைவு, கதைத்தால் இப்படித்தான் கதைப்பார்.

போன ஞாயிறு காலை இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல குளிர், குசினி யன்னல் முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. சீலையால் துடைத்தேன், இரண்டாவது தட்டு ஏற்றும் முன்னம் திரும்பப் படிந்துவிட்டது. திரும்பத் துடைத்தேன், திரும்பப் படிந்தது. எரிச்சலில் யன்னலோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் பிடிபட்டது, பானை கொதித்துக்கொண்டிருக்குமட்டும் நான் எத்தனை தரம் துடைத்தும் பிரயோசனமில்லை, உன் கடலும் அந்தப் பானைதான். யன்னல் சீலையைத் திறந்தாயா என்று உன்னைக் கேட்டேனே, அந்தக் கேள்வி அப்போது எனக்கே திரும்பி வந்து உறைத்தது. அடுப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். மார்கழியில் நீ ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய், நீ விட்ட அந்த எதிர் வீட்டை எடுத்த வேரோனிக்கா என்ற வயதுபோன மனுசியின் வீட்டில் எடுத்தது. அவ மாசிக் கடைசியில் தன் மகளோடு இருக்கப் போகிறா, அந்த வீடு காலியாகப் போகிறது, பாருங்கோ எண்டு எழுதியிருந்தாய். கடல் பக்க வீட்டைக் காட்டி என் மனதை மாற்றப் பார்க்கிறாய் என்று நான் அதைத் திறக்கவே இல்லை. மேற்கு வாசல் சரிவராது என்று மட்டும் பதில் போட்டேன். அன்றைக்குத்தான் திறந்தேன்.

அந்த மனுசியின் யன்னலுக்கு வெளியே கடல், கடலுக்கு மேலே கூரை போட்டதுபோல முகில், ஆனால் தூரத்தில் கடலும் முகிலும் சேருகிற இடத்தில் ஒரு கீற்று வெளித்திருக்கிறது. சூரியன் இறங்கிப் போகிறபோது அந்தக் கீற்றுக்குள்ளால் தலையை நீட்டுகிறது. வீடு முழுக்க மஞ்சள் வெளிச்சம், நிலத்தில், கதிரையில், சுவரில். நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்துக்குள் போய் நின்று கையை விரித்துக்கொண்டு சிரிக்கிறாய். படம் பிடிக்கிற அந்த மனுசி சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. ஒரு நிமிசமும் இல்லை, முடிந்துவிட்டது. நான் திரும்பத் திரும்பப் போட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, இவள் சிரிச்சு எவ்வளவு காலம் எண்டார், பிறகு ஸ்னோ அள்ளப் போறன் எண்டு சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு ஸ்னோ விழவே இல்லை. முகில் எல்லாம் மலையில் போய் முட்டிக் குவிந்து நிற்க, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் கடல் பக்கத்தால்தான் வருகிறது, நான் உன்னை அந்த மலைக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தியிருக்கிறேன். உன் யன்னலைத் திறந்தால் ஈரக் கல்லும் மரமும்தான் தெரியும் என்று நீ சொன்னதுதானே, நான்தான் காதில் போடவில்லை.

இனிக் கேள் எனக்கு வந்த ஆத்திரத்தை. உடனே புனிதவதி அன்ரிக்குப் போன் பண்ணினேன். கிழக்கில் பெரிய மலை மறித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அவ கொஞ்சமும் கூசாமல் சொல்லுறா, ஐயோ ஜெயமலர், கிழக்கில மலை இருந்தால் அந்த வீடு ஆகவே ஆகாதே, மலையெண்டு முதலே சொல்லியிருக்க வேணுமெல்லோ எண்டு. மலையைப் பார்த்த வீடு என்று நான் அன்றைக்கே சொன்னேன், அப்போது அவ தேத்தண்ணி குடித்துக்கொண்டு தலையாட்டினா. எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொல்லியிருப்பேன், சம்பந்தம் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். மேற்கு வாசல் பரவாயில்லையா என்று அவவிடம் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன். ஜனார்த்தனின் தாய் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழக்கு என்று நான் சொல்லுகிறேன், அந்தப் பொய் என்னோடு இருக்கட்டும். உன்னிடம் யாராவது கேட்டால் அம்மாவைக் கேளுங்கோ என்று சொல்லிவிடு.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த கையோடு வீட்டுக்காரனிடம் போய் வேரோனிக்காவின் வீடு எனக்கு வேண்டும் என்று சொல்லு. சாமான் மாற்ற யாரும் இல்லை என்று யோசிக்காதே, எதிர்க் கதவுதானே, நான் பிளேன் எடுத்து வந்து தூக்கித் தருகிறேன், அப்பா வெயாஹவுஸில் லீவு கேட்டுவிட்டார், நீ வேண்டாம் என்றாலும் வருவோம். வீடு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லுகிற அளவுக்கு நான் மடைச்சி இல்லை. அந்தக் கீற்று எல்லா நாளும் வெளிக்காது என்று எனக்குத் தெரியும். நீ நித்திரையால் எழும்ப முடியாமல் கிடக்கிறாய், சமைக்கிறாய் இல்லை, தலை பின்னுகிறாய் இல்லை, இதை உன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு டொக்டரிடம் வாய் திறந்து சொல்லு. மற்றவர்களுக்கு மருந்து எண்ணிக் கொடுக்கிறவளுக்குத் தனக்கு ஒன்று வந்தால் சொல்ல வெட்கம் எதற்கு. அதுவும் சரிவராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. பயந்து ஓடி வந்துவிட்டாள் என்று இந்த ஊரில் யாராவது ஒரு சொல் சொன்னால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். எனக்கு உந்த முகில்மேல் வருகிற கோபத்தில் அரைவாசி உன்மேல் போய் விழுந்துவிட்டது, மகள். உன்னை நினைத்துப் பயந்துபோய்த்தான் இவ்வளவு கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் கத்தத்தான் தெரியும்.

உன் நெற்றியைத் தொட எனக்குக் கை எட்டாது, அதனால் கோயில் திருநீறு கொஞ்சம் கடுதாசியில் மடித்து இதற்குள் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கவனம், நிலத்தில் கொட்டிவிடாதே, பூசிக்கொண்டு வேலைக்குப் போ. பிள்ளையார் உனக்குத் துணையாக இருக்க வேண்டும், நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், நித்திரையும் விழிப்பும் நேரத்துக்கு இருக்க வேண்டும், வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. உங்கே என்றைக்காவது வெயில் வரும். வந்த உடனே அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று போனைத் தேடி ஓடாதே, படமும் எடுக்காதே. நேரே போய் அதில் நில். அது போகுமட்டும் நில். போன பிறகு என்னை எடு, இங்கே இருட்டியிருக்கும், பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயமலர்